மாதிரி எண் ஏழு

குத்தாயிசி விமான நிலையம்.
இரவு இரண்டே முக்கால்.
மார்ச் மழை ஓடுதளத்தில் விழுந்து
விளக்குகளை நீளமாக்கிக்கொண்டிருக்கிறது.

என் பெட்டியில் ஒரு குண்டு இருக்கிறது.
அதாவது,
குண்டு மாதிரி ஒன்று.

எடை சரி. அடர்த்தி சரி.
கதிர் ஊடுருவும்போது திரையில் விழும்
செம்மஞ்சள் நிறமும் சரி.
சுத்தியலால் அடித்தால் நசுங்கும், அவ்வளவுதான்.
திபிலிசியில் ஓர் ஆய்வகத்தில் யாரோ
எல்லாவற்றையும் அளந்து சேர்த்துவிட்டுக்
கோபத்தை மட்டும் சேர்க்காமல் விட்ட
மாவுக்கட்டி.
பெயர்: மாதிரி எண் ஆறு.

அதைக் காலுறைகளுக்கும் ஒரு முடி உலர்த்திக்கும்
நடுவே வைத்துப் பூட்டுவது என் வேலை.
பதினோரு வருடமாக
இல்லாத ஒருத்தியின் பயணத்துக்குத்
துணி மடிக்கிறேன்.
அவளுக்கு நாற்பதாம் அளவு செருப்பு,
பச்சை ஸ்வெட்டர், பாதி தீர்ந்த பற்பசை.
போகிற ஊர் மட்டும் மாறும்.
இன்று தெசலோனிக்கி.

வரிசையில் எனக்கு முன்னால் குலிகோ.
பெட்டியில் ஒட்டிய நாடாவில் பெயர் இருந்தது,
பேனா இரண்டு இடத்தில் தடுமாறி.
கிரீஸில் ஒரு கிழவரைக் குளிப்பாட்டப் போகிறாளாம்,
மூன்றாவது வருடம்.
கேட்காமலே சொன்னாள்.
அந்த நேரத்தில் அங்கே
எல்லோரும் கேட்காமலே சொல்வார்கள்.
நீ யாரிடம் போகிறாய் என்றாள்.
அக்காவிடம் என்றேன்.
எனக்கு அக்கா இல்லை.
பச்சை ஸ்வெட்டர்க்காரிக்கு இருக்கலாம்.

அவள் பெட்டி உள்ளே போனதும்
இயந்திரம் அலறியது.

ம்ஸியா கையுறை மாட்டித் திறந்தாள்.
துண்டில் சுற்றிய சுலுகுனிப் பாலாடைக்கட்டி.
அதன் கீழே
அக்ரூட்டை நூலில் கோத்துத்
திராட்சைக் கூழில் முக்கி முக்கி உலர்த்திய
சுர்ச்க்கேலா, பதினான்கு.
பழுப்பாய், குச்சி குச்சியாய்,
வேண்டுமென்றே சந்தேகப்படச் செய்ததுபோல.
ஒவ்வொன்றாய் மேசையில் அடுக்கினாள் ம்ஸியா.
திரைக்கு முன்னால் பாத்ரி.
ஆறு மணி நேரமாய்ச் சாப்பிடாத பாத்ரி.
அவன் கண் மேசைக்குப் போய்த் திரும்ப
நான்கு விநாடி.

நான்கு விநாடியில்
என் செம்மஞ்சள் கடந்து போனது.

"உன் பெட்டியைத் தொடவே இல்லை பார்,
அதிர்ஷ்டக்காரி" என்றாள் குலிகோ.
பொறாமை இல்லாமல்தான் சொன்னாள்.
வழிக்கு வைத்துக்கொள் என்று
ஒரு சுர்ச்க்கேலாவை என் கையில் திணித்துவிட்டு
செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

படிவத்தில் எழுதினேன்:
வீண் அலறல், ஒன்று.
தவறவிட்டது, ஒன்று.
பாத்ரிக்கு இரண்டு நாள் மறுபயிற்சி.
அவன் கெஞ்சவில்லை.
"ரெண்டும் ஒரே நிறம், நாதேலா" என்றான்.

உண்மைதான்.
அக்ரூட்டையும் அழிவையும்
ஒரே மையில் எழுதுகிறது அந்தப் பெட்டி.
மீதியை ஒரு மனுஷன்
தூங்காமல் வாசிக்க வேண்டியிருக்கிறது,
எண்ணூறு லாரி சம்பளத்துக்கு.

பயணிகளிடம் அன்பளிப்பு வாங்கக் கூடாது.
விதி நான்கு, உட்பிரிவு இரண்டு.
ஆகவே சுர்ச்க்கேலாவுக்குச் சீட்டு ஒட்டினேன்:
மாதிரி எண் ஏழு. தீங்கற்றது. ஒப்பீட்டுக்கு.
ஆறுக்குப் பக்கத்தில் வைத்து
அலமாரியைப் பூட்டினேன்.
சாவி இரண்டு. ஒன்று என்னிடம்,
ஒன்று இரவுப் பணி மேசையில்.

ஏப்ரல் இருப்புக் கணக்கு.

மாதிரி ஏழு: நூல் மட்டும்.

மாதிரி ஆறு: இருக்கிறது.
எடையில் மாற்றமில்லை.
ஒரு மூலையில் பல் தடம்,
முன்பற்களுக்கு நடுவே ஓர் இடைவெளியோடு.
இருட்டில் முதலில் இதைத்தான்
எடுத்திருக்கிறான்.

"கண்டறியப்பட்டதா?" என்றொரு கட்டம் உண்டு.
கொஞ்ச நேரம் யோசித்து
ஆம் என்று குறித்தேன்.